ரெண்டு தட்டு

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ரெண்டு தட்டு’ பட்டறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், தெருவே கை காட்டும்.

வெல்டிங் பட்டறை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வெல்டிங் ராடை இரும்பில் வைப்பதற்கு முன்னால் சுத்தியலை எடுத்து மேசைக் காலில் டொக், டொக் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். பக்கத்து சைக்கிள் கடைக்காரர், எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள், எல்லோரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதற்கப்புறம்தான் பொறி பறக்கும். மற்ற காரியத்திலும் மனுஷன் அப்படித்தான். எந்த வெயிலிலும் முழுக்கைப் பருத்திச் சட்டைதான், கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். காலுக்கடியில் காய்ந்த பலகை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணல். காலையில் மெயினைப் போடும் முன் கேபிள் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பார், எங்கேயாவது தோல் உரிந்திருக்கிறதா என்று. ஒருமுறை ஒரு பெயின்டர் தின்னர் டிரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, காலி டிரம்தானே, ஓட்டையை அடைத்துக் கொடுங்கள் என்றார். “காலியா இருக்குன்னுதான் பயமே. உள்ள தின்னர் ஆவி இருக்கும், பொறி பட்டா வெடிச்சிடும். நீங்களும் நானும் சேர்ந்தே கூரைக்குப் போயிடுவோம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இவ்வளவு விவரமான ஆள் தன் கண் விஷயத்தில் மட்டும் அடிமுட்டாள். அது அவருடைய மனைவிக்குத்தான் தெரியும்.

அவள் தையல்காரி. பட்டறைக்கு நேர் எதிரே அவளுடைய கடை. ஒளி கண்ணில் படக்கூடாது என்று தெருவுக்கு முதுகு காட்டி உட்காரும்படி மெஷினைப் போட்டிருந்தாள். அந்த இரண்டு தட்டு பிறந்ததே அவளால்தான். கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள், புருஷன் என்னதான் செய்கிறார் என்று அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். பொழுது சாய்வதற்குள் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல ஆகிவிட்டது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தார். “சொல்லியிருக்கணும், நான் சொல்லியிருக்கணும்” என்று அழாத குறையாகப் புலம்பினார். மறுநாளிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தட்டல். அதற்காகவே அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். நீளமாக வெல்டு ஓட்டும்போது தலையில் மாட்டியிருக்கும் கறுப்புக் கண்ணாடி முகமூடியை ஒழுங்காக இறக்கிக்கொள்வார். இரண்டு இரும்பைச் சேர்த்துப் பிடித்து ஒரு டேக், அதாவது ஒரு பொட்டு வெல்டு, வைக்க வேண்டுமென்றால் மட்டும் அது நெற்றிக்கு மேலேயே நிற்கும். இடத்தைப் பார்த்துக் குறி வைப்பார், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், ராடைத் தொட்டுவிடுவார். இமையை விடப் பெரிய முகமூடி உண்டா என்பது அவர் கட்சி. கேட் மாதிரி வேலை வந்தால் ஒரு நாளைக்கு நூறு டேக். சாயங்காலம் கண் மிளகாய்ப் பழமாக இருக்கும். கேட்டால், தூசி என்பார்.

போன மாதம் நூல் கோர்த்துத் தரச் சொன்னபோது ஊசியின் காதே அவருக்குத் தெரியவில்லை. அவள் கையோடு கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா மென்மையாகத்தான் சொன்னார். வலது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, மூடிய இமையையும் தாண்டி அந்த வெளிச்சம் உள்ளே போகும், இனி ஒரு டேக் கூட வெறுங்கண்ணோடு வைக்காதீர்கள் என்றார். இவர் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் அவள் மெஷினில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். முதுகு காட்டி உட்கார்ந்தே எல்லாச் சத்தமும் அவளுக்கு அத்துப்படி. டொக், டொக். பிறகு முகமூடி விழும் ‘டப்’. பிறகுதான் ‘சர்ர்’ என்று ராடு பிடிக்க வேண்டும். டொக், டொக் கேட்டது. அடுத்து நேரே ‘சர்ர்’. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து யாருக்கு என்ன லாபம்?

அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பட்டறையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கேட் ஒன்று மேசை மேல் கிடந்தது. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டினார். சைக்கிள் கடைக்காரர் திரும்பினார், பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். எதிரே அவள் மட்டும் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி தட்டினார். அவள் இமைகூடக் கொட்டாமல் ராடின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பு, கண்ணு போயிடும்.”

“தெரியும். நீங்க மூடியை இறக்குங்க, நான் திரும்புறேன். வெறுங்கண்ணோட வைக்கிறதா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போகட்டும்.”

அவர் கை ராடைக் கீழே வைத்தது. அன்றைக்கு ஈரத்துணி வைத்த அதே கைதான். தெருவே வேடிக்கை பார்க்க, ரெண்டு கையும் வேலையில் இருக்கும்போது தலையை ஆட்டித்தான் மூடியை இறக்க வேண்டும், ஆட்டினால் மூடி வழுக்குகிறது, குறி தப்பிவிடுகிறது, அதனால்தான் என்று இத்தனை வருடம் சொல்லாத காரணத்தை முனகினார். அவ்வளவுதானே என்று அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அத்தனை பேர் முன்னாலும் புருஷன் தலையை அளந்தாள். “மண்டை பெருசுதான், உள்ளதான் ஒண்ணுமில்ல” என்று சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாள். பழைய ஜீன்ஸ் துணியில் பஞ்சு வைத்து, பின்பக்கம் இறுக்கிக்கொள்ள எலாஸ்டிக்கும் போட்டு, அரைமணி நேரத்தில் ஒரு தலைப்பட்டை தைத்து வந்து முகமூடிக்குள் மாட்டினாள்.

இப்போதும் அவள் தெருவுக்கு முதுகு காட்டித்தான் தைக்கிறாள். டொக், டொக் கேட்டதும் அவள் தையலை நிறுத்திவிட்டு, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அவரைப் பார்ப்பாள். அவரும் ஒரு தடவை அவளைப் பார்த்துக்கொள்வார். தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார். டப். அதற்கப்புறம்தான் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.