முயலுக்குப் பதில் கோழி

அறுபதுகளின் கடைசியில், முயல் வாங்கி வளர்த்துக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நானும் என் கணவரும் ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளி வீட்டுக்குப் போனோம். "ஆசைக்கு வளக்கத்தானேமா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். அவர் சட்டென்று தலையாட்டினார். எனக்குப் பொய் ஆகாது. "வளத்து கறியாக்கத்தான்" என்றேன்.

"அய்யய்யோ! புள்ளைங்க மாதிரி வளத்துக்கினு இருக்கேன்" என்று முயல்கள் இருந்த கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முயல்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீரைத்தண்டைத் தின்றுகொண்டிருந்தன.

எங்களை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "கறிக்குன்னா கோழி தரேன்மா" என்று நொய்யை இறைத்துக் கூப்பிட்டாள். தெருக்கோடியில் மேய்ந்துகொண்டிருந்த கோழி, அவள் குரல் கேட்டதும் தலைதெறிக்க ஓடிவந்து அவள் காலடியில் நின்றது.

அதைத்தான் காலைக் கட்டி என்னிடம் கொடுத்தாள்.