ஜப்பான் போய்வந்த துண்டு

கொல்லிமலை அருவிக் குட்டையில்தான் அந்த மிளகு விவசாயியைப் பார்த்தேன். மீசை நனைய உட்கார்ந்திருந்தார். தலையில் மடித்த துண்டு. நான் தண்ணீரில் இறங்கியதும் பட்டாபட்டி டிரவுசரோடு எழுந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கும்பிட்டார்.

துண்டைத் தலையில் வைப்பது, மகனைப் பார்க்க முதல்முறை ஜப்பான் போனபோது பழகியதாம்.

"அங்க வெந்நீர்க் குளத்துல ஒடம்புல ஒட்டுத்துணிகூட ஆகாதுங்க. துண்டு தலையிலயே இருக்கோணும், தண்ணியில படக்கூடாது. ஆனா பெரியவங்க வந்தா இடுப்புல கட்டறதுதானுங்களே நம்ம பழக்கம்?"

"கட்டினீங்களா?"

"அம்மணமா வந்தா யாரு பெரியவங்கன்னு எப்படீங்க தெரியும்? வந்தவங்க எல்லாத்துக்கும் கட்டினேன். வெளிய அனுப்பிட்டாங்க."

துண்டு மறுபடி தலைக்கு ஏறியது. எனக்குக் கிடைத்த மரியாதையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அப்போது பாறையிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. துண்டும் இடுப்புக்கு இறங்கியது.