கடன் இல்லாத மனிதருக்கு வீடு இல்லை

என் அக்காள் புருஷன் இருளப்பன் உலகத்தில் ஒருவருக்கும் ஒரு காசு கடன் வைக்காதவர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கல்யாண வீட்டில் சொல்வார், கருமாதி வீட்டில் சொல்வார், குருண் டவுன் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ வருவதற்கு முன்பே காசை மேசையில் வைத்துவிட்டுச் சொல்வார். அப்போது கண் மட்டும் என் மேலேயே நிற்கும். ஏனென்றால் என் மோட்டார் சைக்கிள், டிவி, சோபா, படுக்கிற மெத்தை எல்லாமே தவணை.

"மாப்ள, உன் வீட்டுல பல்லி மட்டும்தான்டா உனக்குச் சொந்தம்" என்பார்.

அக்காள் மருதம்மாளுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மச்சான் குருணுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். போன வருஷம் தை முடிந்த கையோடு தோட்டம் கைமாறியது. அடுத்த தை முடிவதற்குள் அவர்களும் மற்றத் தொழிலாளர்களும் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. அக்காள் அழுதாள். மச்சான் அசையவே இல்லை.

"என்னடி பயம்? கடன்காரப் பயலுக்கே பேங்குல வீட்டுக் கடன் கொடுக்குறான். என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிப்பான்."

கடன்காரப் பயல் நான்தான். நான் இருக்கும் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு வரிசை தள்ளி ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. முன்பணத்துக்கு மச்சானின் பிஸ்கட் டின்னில் சேமிப்பு இருந்தது, மீதிக்குத்தான் பேங்க். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

கடன் பகுதியில் ஷாமளா என்றொரு பெண். கணினியைத் தட்டினாள், மறுபடியும் தட்டினாள்.

"அங்கிள், உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே."

"அதாம்மா! ஒண்ணுமே இல்ல!" மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுதான் லா பிரச்சனை. வாங்கின கடனைக் கட்டுற ஆளான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு ரெக்கார்டும் இல்ல."

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? "பத்து வருஷமா மாசம் தவறாம தவணை கட்டுற ஆளுன்னா?" என்றேன்.

"அந்த மாதிரி ஆளைத்தான் அண்ணே பேங்குக்குப் பிடிக்கும்."

மச்சான் முகத்தைப் படம் பிடிக்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் வருத்தம்.

ஒரு பொருளைத் தவணையில் வாங்கி, ஆறு மாசம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வரச் சொன்னாள் ஷாமளா. மச்சான் ஒரு துணி துவைக்கும் மெஷின் வாங்கினார். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. மெஷின் சுற்றினால் எழுந்து வெளியே போய்விடுவாராம். இரண்டு மாசம் கட்டினார். மூன்றாவது மாசம் பொறுக்க முடியாமல் மொத்தத்தையும் கட்டிவிட்டு, ரசீதை ஷாமளா முன்னால் வைத்தார்.

"பாத்துக்கம்மா! அடைச்சாச்சு!"

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன் அங்கிள்? ரெண்டு மாசத்துல நாங்க எதைப் பார்க்குறது? இனி முதல்லேர்ந்துதான்."

இன்னும் ஆறு மாசம், அதற்கு மேல் பேங்க் வேலை என்று கணக்குப் போட்டால் தை கழுத்தைப் பிடித்துவிடும். அக்காளுக்கு வந்ததே கோபம்! "உங்க மானத்தைப் பெட்டியில வச்சுப் பூட்டுங்க. நான் ரோட்டுலயா குடித்தனம் பண்றது?" என்று கத்தினாள். அவளே முன்னால் நின்று, மச்சான் பெயரில் ஒரு ஐஸ்பெட்டி தவணைக்கு எடுக்க வைத்தாள். மறுநாள் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"என்கிட்டயா?" என்றேன். எனக்கே என் மேல் நம்பிக்கை கிடையாது.

"உன்கிட்டதான் பத்திரம். வீட்டுல இருந்தா இதையும் அடைச்சிட்டு வந்து நிப்பாரு. உன்கிட்ட வந்து பணம் கொடுன்னு செத்தாலும் கேக்க மாட்டாரு."

நான் தொடவில்லை. சத்தியமாக. இரண்டு தடவை திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். மச்சான் மோட்டாரில் என் வீட்டு வாசலை எத்தனையோ தடவை கடந்தார். நிறுத்துவார், செருமுவார், போய்விடுவார். பாவம், எனக்கே சில நாள் மனசு கேட்கவில்லை.

மார்கழியில் கடன் கிடைத்தது. தை பத்தாம் தேதி விடிகாலையில் பால் காய்ச்சுவதென்று முடிவாயிற்று. அக்காள் மெஷினுக்கும் ஐஸ்பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி போல நிறுத்தியிருந்தாள். பானையை அடுப்பில் ஏற்றினால் தீ பிடிக்கவில்லை. லயத்திலிருந்து தூக்கி வந்த கேஸ் தோங், அதாவது சிலிண்டர், காலி. கடை திறக்க எட்டு மணியாகும், நல்ல நேரமோ ஏழோடு முடிகிறது. வீடு நிறைய ஆட்கள். அக்காள் கண் கலங்கி நின்றாள்.

மச்சான் அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து தரையைப் பார்த்தார்.

"மாப்ள."

"என்ன மச்சான்?"

"உன் வீட்டு கேஸ் தோங்கை..." எச்சில் விழுங்கினார். "கடனா கொடுடா."

இந்த ஒரு சொல்லுக்காகப் பத்து வருஷம் காத்திருந்தேன். கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சிரிக்கத் தோன்றவே இல்லை. ஓடிப்போய்க் கழற்றி, தோளில் தூக்கி வந்தேன். பால் பொங்கியது. அக்காள் சிரித்தாள்.

மச்சான் என் தோளைத் தட்டினார். "எட்டு மணிக்குக் கடை திறந்ததும் திருப்பிக் கொடுத்துடுறேன், மாப்ள."

"ஐயோ, வேணாம் மச்சான்," என்றேன். "ஆறு மாசமாவது வச்சிருங்க."