பீரோவுக்குள் எரிந்த குதிரை

ஜெய்னுலாப்தீனுக்கு இருட்டென்றாலே ஆகாது. பிழைப்பென்னவோ இருட்டை நம்பித்தான். ராஜபாளையத்தில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதி, ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவர். பிளேட்டை ஷோரூமிலேயே மாட்டி அனுப்புகிற காலம் வந்ததும் கடையில் ஈ ஓட்டினார். ஈ ஓட்டுவதும் சலித்த ஒரு மத்தியானம், இருட்டில் ஒளிரும் பவுடரை வார்னிஷில் குழைத்து ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் குதிரைக்குப் பூசிப் பார்த்தார். அன்றோடு புத்தி குதிரைப் பக்கம் போய்விட்டது.

கம்பெனி வரைந்த கண்ணை நெயில் பாலிஷ் ரிமூவரால் அழிப்பார். வெள்ளை அடித்து, அதன்மேல் பவுடரை நாலைந்து பூச்சாக ஏற்றுவார். பிடரிக்கு நைலான் முடி தைத்து, சீப்பால் வாருவார்.

"எந்தலைய ஒரு நாளாவது வாரி விட்டிருப்பீயளா? குதிரைக்கு மட்டும் ரெட்டைச் சடை" என்றாள் மனைவி நூர்னிசா.

"குதிரை எதுத்துப் பேசாதுல்ல."

டீக்கடை மாரிச்சாமி தினமும், "என்ன பாய், லாடம் அடிச்சாச்சா?" என்பார். பெரிய ஆர்டர் வருகிறது, பிளேட் வேலையைத் தலைமுழுகப் போகிறேன் என்று அவரிடம்தான் ஜெய்னுலாப்தீன் பீற்றியிருந்தார். பொய்யில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சேதுபதி, பேத்தியின் காதுகுத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு குதிரை தருவதாக இருந்தார். மாதிரிக்கு ஒன்று போயிருந்தது. அது தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் மாரிச்சாமியின் வாய்.

சேதுபதியிடமிருந்து போன் வந்தது. "பாய், உங்க குதிரை எரியலை."

அடுத்த பஸ்ஸில் ஏறினார் ஜெய்னுலாப்தீன். வழியெல்லாம் பவுடரைச் சந்தேகப்பட்டார், வார்னிஷைச் சந்தேகப்பட்டார், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டார்.

"குதிரை எங்க?" என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும்.

சேதுபதியின் மனைவி வேலுத்தாய் பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பை வந்தது. பைக்குள் துண்டு, துண்டுக்குள் இன்னொரு பை, அதற்குள் குதிரை.

"இதுக்குள்ளயேவா வச்சிருந்தீங்க?"

"பொறவு? வெளிய வச்சா வெளிச்சம் வீணாப் போயிராதா? ராத்திரி லைட்டை அமத்திட்டு எடுத்துப் பாப்போம். எரியாது. திரும்ப உள்ள வச்சிருவோம்."

ஜெய்னுலாப்தீனுக்குப் போன உயிர் வந்தது. "வெயில் குடிச்சாத்தான் எரியும்மா. நீங்க பட்டினி போட்டிருக்கீங்க."

குதிரை மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் செத்த நேரம் காய்ந்தது. சேதுபதிக்கு ராத்திரிவரை பொறுமையில்லை. கோர்ட்டில் காலந்தள்ளியவர், கண்ணால் காணாமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த வீட்டில் பட்டப்பகலில் இருட்டு கிடைக்கிற ஒரே இடம் பீரோதான். குதிரையோடு தலையை உள்ளே விட்டார். வேலுத்தாய் கதவை அவர் முதுகோடு சாத்தி, இடைவெளியைப் போர்வையால் மூடினாள்.

"தெரியுதா?"

உள்ளேயிருந்து ஒரு தும்மல்தான் வந்தது.

"ஏங்க, தெரியுதாங்கேன்?"

"ஏட்டி, போர்வைய நல்லா இழுத்துப் பிடி. பச்சையா எரியுது! உன் கல்யாணச் சேலைக் கரை தெரியுதுடீ!"

பாச்சா உருண்டை வாடையில் தும்மிக்கொண்டே வெளியே வந்தவர் தீர்ப்புச் சொன்னார்: "ஆர்டர் உறுதி. ஒரே நிபந்தனை. வாரவங்க வீட்டுலயும் பீரோ இருக்கும். விசேஷத்தன்னைக்கு நீரே வந்து அம்புட்டையும் வெயில்ல காயவச்சு, ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்லித்தான் குடுக்கணும்."

"குதிரை மேய்க்க வாரேன் சார்" என்றார் ஜெய்னுலாப்தீன். அந்த நிமிஷம் மாரிச்சாமியைக்கூடக் கட்டிப்பிடித்திருப்பார்.

செருப்பை மாட்டும்போது உள்ளே துண்டு உதறும் சத்தம் கேட்டது. வேலுத்தாய் குதிரையை அதில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா..." என்று இழுத்தார்.

"வெயில்ல கெடந்து களைச்சிருக்கும் பாய். கொஞ்சம் உள்ள இருக்கட்டும்."

ஆர்டர் கையில் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஜெய்னுலாப்தீன் நடையைக் கட்டினார்.