முதல் அயல் வீடு

மரணம் நடந்த வீட்டுக்குப் போக அழைப்புத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இந்த விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனாலும் அதை மீறியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. 2004 இலையுதிர் காலத்தில், ஜேர்மனியின் எசன் நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள ஒரு கிராமத்தில், நானே அதை மீறினேன்.

யாழ்ப்பாணத்தில் அரச அலுவலகமொன்றில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு வாழ்ந்து, ஓய்வு பெற்றபின் மகளோடு இருக்க வந்தவன் நான். மகளும் மருமகனும் எசனில் மாடிக் குடியிருப்பொன்றில் இருந்துவிட்டு, அந்தக் கிராமத்தில் பழைய வீடொன்றை வாங்கியிருந்தார்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள். சுற்றிவரச் சோளம். தமிழர் நாங்கள் மட்டுமே.

ஜேர்மன் மொழி எனக்குச் சரியாக வராது. ஒழுங்குகள் மட்டும் மனப்பாடம். எந்தக் குப்பை எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டியில் போகும், ஞாயிற்றுக்கிழமை ஏன் புல் வெட்டக் கூடாது என்றெல்லாம் மருமகனுக்கே வகுப்பு எடுப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக நான் கற்றுவைத்திருந்த ஒழுங்கு, டெர்மின். முன்கூட்டி நேரம் குறிக்காமல் இங்கே ஒருவர் வீட்டு மணியையும் அழுத்தக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை காலை, மனைவியோடு தனியாக இருந்த பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்துபோனார். வேலிக்கு மேலால் எங்களுக்கு அப்பிள் தந்தவர். எங்கள் கூரைப் பீலி உடைந்தபோது கேட்காமலே ஏணியோடு வந்தவர். கறுப்பு வாகனம் வந்ததை யன்னலால் பார்த்த மகள் செருப்பைப் போட்டுவிட்டாள்.

"அப்பா, மனுசி தனிய நிக்குது. ஒருக்காப் போயிட்டு வாறன்."

"நில்லு பிள்ளை. இது ஜேர்மனி. டெர்மின் இல்லாமல் டொக்டரே பாக்க மாட்டார். செத்த வீட்டுக்குள்ள போய் நிக்கலாமோ? அறிவித்தல் வரும், அப்ப போவம்."

மகள் செருப்பைக் கழற்றினாள். மரியாதைக்காகத் திரைச்சீலைகளை இழுத்து மூடினோம். காயப்போட்ட உடுப்புகளை உள்ளே எடுத்தோம். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தோம். இரண்டு நாள் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவித்தல் வரவில்லை. இவர்களுடைய நிர்வாகத்திலும் தாமதம் உண்டு என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்திகூட.

சனிக்கிழமை பின்னேரம் எதிர்வீட்டு விவசாயி வந்து மணியை அழுத்தினார், டெர்மின் இல்லாமல். வாசலில் நின்றபடியே மகளோடு பேசினார். கேட்கக் கேட்க மகளின் முகம் கறுத்தது. அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"அப்பா, நாங்கள்தானாம் சொல்லியிருக்க வேணும்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வலது கைப்பக்கத்து வீடுதான் முதல் அயல். ஒரு வீட்டில் மரணம் நடந்தால் அந்த முதல் அயலார் வர வேண்டும். அடுப்படியைப் பொறுப்பெடுக்க வேண்டும். தெருவில் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். பெட்டி தூக்க ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். கிழவியின் வீட்டுக்கு வலப்பக்கம் நாங்கள். குடிவந்த கிழமை தெரு முழுக்கத் திரண்டு வந்து வாசலில் பச்சைத் தழை மாலை கட்டி, பாணும் உப்பும் தந்தபோது, வரவேற்பு என்று நினைத்து, சுடச்சுட றோல்ஸ் பொரித்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அது பதவியேற்பு என்று எனக்குத் தெரியாது. கிழவி இரண்டு நாள் எங்கள் மூடிய யன்னல்களைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். வேறொருவரை அனுப்பினால் அது எங்களுக்கு அவமானம் என்று காத்திருந்தாராம்.

"மாமா, உங்கட கந்தோரில இதுக்கு என்ன பேர்?" என்றார் மருமகன். "கடமை தவறினதோ?"

நான் எழும்பிப் போய்த் திரைச்சீலைகளைத் திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். எங்கள் வேலையைத் தானே பொறுப்பெடுத்து, ஆறு பேரையும் விவசாயி சேர்த்திருந்தார். நாங்கள் கடைசி வரிசையில் நின்றோம். கிழவி எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், முகத்தைப் பாராமல். அதன் பின் வேலியடியில் எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவார். மகளுக்கு அந்த வீட்டில் இருக்கவே மனமில்லாமல் போனது. "திரும்ப எசனுக்கே போவமே?" என்று கேட்கத் தொடங்கினாள். அன்று அவளைத் தடுத்தவன் நான், ஆனாலும் அவள் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

கிழவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். விடயம், விளக்கம், எங்கள் நாட்டு வழக்கம், இந்த நாட்டு ஒழுங்கு எல்லாம் சேர்த்து மூன்று பக்கம். மகள் வாசித்துவிட்டு, "அப்பா, இது மன்னிப்போ, வழக்கோ?" என்றாள். கிழித்துப் போட்டேன். பிறகு எழுதியது நாலே வரி: மகள் வர வெளிக்கிட்டாள், நான்தான் மறித்தேன். உங்கள் ஒழுங்கு தெரியும் என்ற நினைப்பு எனக்கு. எங்கள் ஊரிலும் இப்படியொரு நாளில் கேட்காமலே போவோம். மன்னியுங்கள்.

மகள் அதை ஜேர்மனில் எழுதித் தர, நானே கொண்டுபோய்க் கிழவியின் தபால்பெட்டியில் போட்டேன். பதிலுக்கு நான்கு கிழமை என்று கணக்கு வைத்தேன். நத்தார் போனது. பனி கொட்டி உருகியது. நினைவூட்டல் கடிதம் அனுப்பும் பழக்கத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக அடக்கிக்கொண்டேன்.

ஒருநாள் எங்கள் பெட்டியில் முத்திரையில்லாத உறை ஒன்று கிடந்தது. உள்ளே ஒரு தாள். எங்கள் வீடும் கிழவியின் வீடும் நீங்கலாகத் தெருவின் பத்து வீட்டுப் பெயர்களும், எதற்குப் பின் எது என்று இலக்கமிட்டு, நடுங்கும் கையெழுத்தில். கீழே மகள் வாசித்துச் சொன்ன இரண்டு வரி: "எனக்கும் ஒருநாள் வரும். அப்போது இந்த வரிசையில் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்."

மகள் எசன் பேச்சை அதோடு விட்டாள். என் வாழ்நாளில் எத்தனையோ நியமனக் கடிதங்களை எழுதியும் வாங்கியும் இருக்கிறேன். நம்பத் தகாதவன் என்று தெரிந்த பின்பும் ஒருவனை நம்பி எழுதப்பட்டது இது ஒன்றுதான். அது என் கையில் கிடைத்த நாள் 2005 ஏப்ரல் 9, சனிக்கிழமை.