அக்கா திருப்பிய தட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. காலையில் விளக்கேற்றி முருகனைக் கும்பிட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் கடை திறக்கிறவன். ஆனால் என் அக்காவைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுகிறது. காலேஜ் படிக்கும்போதே டாக்டரையே கேள்வி கேட்டு மடக்கினாளாம், அதனால்தான் விஞ்ஞானி ஆனாளாம். அது நடந்தபடி இல்லை. நடந்ததைச் சொன்னால் எங்கள் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, மரியாதைக் குறைவாகிவிடுமோ என்றுதான் பயந்திருந்தேன்.

அக்காவின் வேலை, பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்து, மண்டையைத் திறக்காமலே மூளையைப் படம் எடுப்பது. வெளிநாட்டில் அதை ஆரம்பித்த காலத்தில், ஆளை எடுக்குமுன் பழங்களைத்தான் எடுத்துப் பார்த்தார்களாம். லீவில் வந்தபோது ஓர் எலுமிச்சம்பழத்தின் படத்தைக் காட்டினாள். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அறுத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. இதுக்கா கடல தாண்டிப் போன?"

"மனுசன அறுத்துப் பாக்க முடியாதில்லம்மா" என்றாள் அக்கா. அம்மா படத்தை மெல்ல அவளிடமே நீட்டினாள். இரண்டு பேரும் யாரை நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

நைனாவுக்குத் தங்கச் சுரங்கத்துக்குள் மரத்தூண் நிறுத்துகிற வேலை. கீழே பாறை வெடித்துச் சரிவதை எங்கள் பக்கம் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே தொழிலாளர் லைன் வீட்டில் பாத்திரமெல்லாம் உருளும், பெண்கள் அப்படியே ஆட்களை இறக்கி ஏற்றும் ஷாப்டுக்கு ஓடுவார்கள். அப்படி ஒரு நாள் நைனாவின் தலையில் கல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் மண்டை ஓடு முழுசாக இருந்தது. அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

ஆனால் வீட்டுக்கு வந்த நைனா பழைய நைனாவாக இல்லை. உட்கார்ந்த இடத்தில் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து நடப்பார், இடது தோளை நிலைக்கதவில் இடித்துக்கொள்வார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் வலது பாதியை வழித்துவிட்டு, "அரை வயித்துக்குத்தான் போடுவியா?" என்று அம்மாவிடம் கத்துவார். இடது பாதியில் சோறு அப்படியே இருக்கும். அம்மா மூக்கைச் சிந்துவாள். எனக்கென்று ஒதுக்கிவைக்கிறார் என்று நினைத்து, சின்னப் பையனான நான் சந்தோஷமாக அள்ளித் தின்பேன்.

பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த அக்காதான் ஒரு நாள் தட்டைத் திருப்பி வைத்தாள். நைனா மீதியையும் சாப்பிட்டு முடித்தார்.

"கண்ணு தெரியுதும்மா. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தோணல" என்றாள். "இவர மறுபடி கீழ அனுப்பினா, இடது பக்கத்துலேர்ந்து கல்லேத்தின தள்ளுவண்டி வந்தா இன்னா ஆவும்?"

நைனா காதில் விழுந்துவிட்டது. "என்னப் பைத்தியக்காரன்னு ஊருக்குச் சொல்லப் போறியா? நான் ஷிப்டுக்குப் போவணும்!"

வேலைக்குப் போகலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும் நாள் வந்தது. நைனா இஸ்திரிச் சட்டை போட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, முதல் ஆளாகப் போய் நின்றார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு நல்லாயிருக்கு. திங்கக்கிழமை போகலாம்" என்றார். நைனா முகம் மலர்ந்தது. அப்போதுதான் அக்கா தூக்குச்சட்டியும் தட்டுமாக உள்ளே வந்தாள்.

"இன்னா பாப்பா, ஆஸ்பத்திரிய ஓட்டல் ஆக்கிட்ட?" என்று கம்பவுண்டர் சிரித்தார்.

"ஐயா, நைனா சாப்பிடறதக் கொஞ்சம் பாருங்க. அவ்ளோதான்."

"மானத்த வாங்காதடி" என்று அம்மா முணுமுணுத்தாள்.

டாக்டர் நல்ல மனுஷர். அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "சாப்பிடட்டும். படத்துல இல்லாதத நான் எப்படி எழுதறது, அதான் யோசனை" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

நைனா சாப்பிட்டார். வலது பாதி காலியானதும் விரலைச் சூப்பிக்கொண்டு, "இவ்ளோதானா கொண்டாந்த?" என்றார். அக்கா தட்டைத் திருப்பினாள். திடீரென்று முன்னால் வந்து நின்ற சோற்றை நைனா பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"இது எப்ப வெச்ச?"

"இப்பதான் நைனா வெச்சேன்" என்றாள் அக்கா.

"பொய்! அக்கா தட்டத்தான் திருப்புச்சு!" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். நைனா தலையைக் குனிந்து அந்தச் சோற்றையும் மெதுவாகத் தின்று முடித்தார். டாக்டர் அவரைச் சுரங்கத்துக்குள் இறக்காமல் மேலேயே வேலைக்குப் போட எழுதிக் கொடுத்தார்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். அந்தக் கோபத்தில் வீடு வரும்வரை அவள் கையைப் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டேன்.

நைனா அதற்கப்புறம் நெடுங்காலம் இருந்தார். யார் வந்தாலும், "எம் பொண்ணு ஆஸ்பத்திரிக்கே சோறு கொண்டாந்து ரெண்டு வாட்டி பரிமாறினா" என்பார். பாவம், நம்பிவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் அக்காவைத் தேடிப் போவதை, அந்த வயதில் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

நைனாவைக் காப்பாற்றியது அம்மன்தான். அக்கா கையில் தட்டைக் கொடுத்ததும் அவள்தான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் டாக்டரை மடக்கினாள் என்று சேர்க்க வேண்டாம். அக்கா சொன்ன பொய்யை எடுத்துவிடவும் வேண்டாம்.