இரண்டு நிறத்துக் குளிசை

மூணாங்கல் தோட்டத்தில் ராசம்மாவை ஆயாம்மா என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரை, அவருக்கு அவள் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. மற்றவன் அவள் தம்பி கந்தப்பன். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் தேயிலை மலைக்கும் நடுவில் இருந்த பிள்ளைக் காம்பராவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் வழியில் தாய்மார் பிள்ளைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவார்கள். தேத்தண்ணி நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு, வாயைத் துடைக்கவும் நேரமில்லாமல் மறுபடி மலையேறுவார்கள்.

அவளுக்கென்று பிள்ளை இல்லை. கட்டியவன் கொழும்புக்குக் கடை வேலைக்கென்று போய் அங்கேயே ஒரு குடும்பம் தேடிக்கொண்டான். அவனைப் பற்றி இதற்குமேல் எழுதினால் தாள்தான் வீண். கந்தப்பனைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடியபோது ராசம்மா பாவாடை தாவணி வயதுப் பெண். அன்றைக்கு அவனை இடுப்பில் தூக்கியவள், அவன் வளர்ந்து ஆட்டோ ஓட்டும் ஆம்பளையான பிறகும் மனதளவில் இறக்கி வைக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை யாரும் வீச மாட்டார்கள். ஒருவருக்குக் குணமானால் மிச்சக் குளிசைகள் பிள்ளைக் காம்பரா அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குப் போய்விடும். அடுத்தவருக்கு வலி வந்தால் ராசம்மா எடுத்துக் கொடுப்பாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நிறத்தைப் பார்த்துத்தான் கொடுப்பாள். பெரிய வெள்ளை காய்ச்சலுக்கு, சின்ன மஞ்சள் சளிக்கு, பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக இருக்கும் குமிழ் இடுப்பு வலிக்கு. இதைக் கேட்டால் டாக்டர்மார் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளவாவது ஒரு டாக்டர் வரவேண்டுமே. தோட்டத்து டிஸ்பென்சரி பாதி நாள் பூட்டிக் கிடந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், கொழுந்து பொங்கி வந்த சித்திரை மாதத்தில், பிள்ளைகளுக்குச் சீனி போட்டு உருண்டை பிடிக்கத் திரிபோஷா மாவு எடுக்கப் போன ராசம்மா, மாவுப் பெட்டிகளுக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கண்டாள். பிரித்தால் உள்ளே அட்டை அட்டையாகப் பச்சையும் மஞ்சளும். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தின வருஷம் மருத்துவ முகாம் நடத்த வந்தவர்கள் மிச்ச மருந்தையெல்லாம் பிள்ளைக் காம்பராவிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இதுவும் அவர்கள் வைத்ததுதான், இத்தனை நாள் கண்ணில் படவில்லை என்று நினைத்தாள். மனம் குளிர்ந்துபோனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வராத பொம்பளை அந்தத் தோட்டத்தில் யார்?

முதலில் வாங்கியவள் அம்மாக்கண்ணு. கொழுந்துக் கூடையின் தலைக்கயிறு இழுத்து இழுத்துக் கழுத்தும் இடுப்பும் விட்டுப்போனவள்; உட்கார்ந்தால் எழும்ப ஆள் வேண்டும். மறுநாள் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"ஆயாம்மா, இது மருந்தில்ல, சாமி. மலையில நிக்கிறதே தெரியல."

பிறகு கேட்க வேண்டுமா? அந்த வாரம் முழுக்க, பிள்ளையைக் கொடுக்கும்போதே தாய்மார் மறு கையை நீட்டினார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தாராம். ராசம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தோட்டத்து வலியையெல்லாம் தானே தீர்த்துவிட்டதாக நினைத்தாள், பாவம்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது லோஜினியின் பிள்ளையால். லோஜினி தலைப்பிள்ளைக்காரி. அவள் குழந்தை அழ ஆரம்பித்தால் தேயிலை ஸ்டோர் மெஷினில் கொழுந்து அரைக்கும் சத்தமே தோற்றுப்போகும். அப்படிப்பட்ட குழந்தை அன்று காலையில் வந்ததிலிருந்து அழவில்லை. தொட்டிலில் கிடந்து தூங்கிக்கொண்டே இருந்தது. நல்ல பிள்ளை என்று ராசம்மா முதலில் விட்டுவிட்டாள். பால் நேரம் நெருங்கியும் எழும்பாததால் தூக்கினாள். கை கால் துவண்டு தொங்கியது. உதட்டில் ரத்தமில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பாதத்தைச் சுண்டினாள். நெஞ்சைத் தேய்த்தாள். குளிர்ந்த தண்ணீரை முகத்தில் தெளித்தாள். நெடுநேரம் கழித்துக் குழந்தை முனகியது. அந்த முனகலுக்காக அவள் கும்பிடாத சாமி இல்லை.

லோஜினி பால் கொடுக்க வந்தாள். அவளும் கண் சொருகித்தான் நின்றாள்.

"நீ என்னாடி சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்ல ஆயாம்மா. ஒங்க குளிசதான். காலையில ரெண்டு, வேல ஏறுறப்ப ரெண்டு. போடாட்டி ஒடம்பெல்லாம் ஒதறுது."

 தாய் போட்டது பாலில் இறங்கியிருக்கிறது. தன் கையால், சிரித்துக்கொண்டே, பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்திருக்கிறோம் என்பது ராசம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பெட்டியை மூடி வைத்தவள், அதன்பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

இரண்டொரு நாளில் கந்தப்பன் வந்தான். வந்தவன் தேத்தண்ணி கூடக் கேட்காமல் நேரே மாவுப் பெட்டிகளை நகர்த்தினான். அட்டைப்பெட்டி பாதி காலியாக இருந்ததைப் பார்த்ததும் பேயறைந்தவன் மாதிரி அப்படியே குந்திவிட்டான்.

"யாருக்கா எடுத்தது?"

"நான்தான் குடுத்தேன். நம்ம பொம்பளைங்களுக்கு. நீயாடா கொண்டாந்து வச்ச?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அதட்டி, கெஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயத்தை வாங்கினாள். ஹட்டனில் முத்துலிங்கம் என்று ஒருவன். எந்த மருந்துக்கடை, எந்த ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து கறக்கிறானோ, டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத வலிக் குளிசைகளை மூட்டையாகச் சேர்ப்பான். ஆட்டோக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி வலப்பனை வரைக்கும், பொல்பிட்டிய வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சோதனைக்கு வரும் பொலிஸ் லயத்தைக் கிளறும். பிள்ளைகள் தூங்கும் இடத்தைக் கிளறாது. அதனால்தான் இங்கே ஒளித்தான்.

"வலப்பனை ரூட்டுல ஓடுனவன் சரக்க தொலைச்சிட்டேன்னான். அவன முட்டிய ஒடச்சி சாக்கடைக் கானுக்குள்ள போட்டுட்டுப் போயிட்டாங்க. ஆள் பொழைக்கல. என்னையும் கொன்னுருவாங்கக்கா."

பொலிசுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லலாம். அந்த வருஷம் சண்டை மறுபடி மூண்டுகொண்டிருந்தது. பாதைக்குப் பாதை அடையாள அட்டை கேட்டார்கள். தமிழ்ப் பையன் ஒருவன் ஒளித்து வைத்த பெட்டியோடு பொலிஸ் ஸ்டேஷனுக்குள் போனால், அது வெறும் குளிசைப் பெட்டிதான் என்று யாருக்கு எந்தச் சிங்களத்தில் விளங்கவைப்பது?

ராசம்மா லயம் லயமாக ஏறி இறங்கினாள். கொடுத்ததைத் திருப்பித் தாங்க, தம்பி உயிர் போகப் போகுது என்று சொன்னாள். அவள் கேட்டால் உயிரைக் கொடுக்கும் பொம்பளைகள்தான். ஆனால் குளிசையைக் கொடுக்கவில்லை. முடிஞ்சிபோச்சு என்றார்கள் சிலர், முகத்தைப் பார்க்காமல். அம்மாக்கண்ணு கதவை அரைவாசிதான் திறந்தாள்.

"ஒண்ணும் இல்ல ஆயாம்மா."

"ஒம் முந்தானையில என்னா முடிச்சி?"

"இத குடுத்துட்டா நாளைக்கி நான் மலைக்கு எப்புடி போறது? நீங்க வந்து எடுப்பீங்களா ஏங் கொழுந்த?"

கேட்டுவிட்டு அவளே அழுதாள். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கொடுத்தாளா என்பது அவளுக்கே வெளிச்சம். சேர்ந்தது போதவில்லை. முடிச்சை விட மனமில்லாத அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க ராசம்மாவுக்குத் தம்பியைப் பற்றிய பயத்தோடு இவர்களைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் கந்தப்பன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. தோட்டத்துக் கடை டெலிபோனுக்கு ஒரு அழைப்பு வந்தது. மிச்சப் பெட்டியோடு அக்காவே வரட்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்களாம். பிள்ளைகளை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, பெட்டியை உமல் பையில் போட்டு, மேலே இரண்டு கட்டுக் கீரையைப் பரப்பிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பையைத் துவக்கு முனையால் தொட்டான். "பலா கொள," என்றாள், கீரை என்பதற்கு அவள் அறிந்த சிங்களத்தில். அவன் போ என்று தலையை ஆட்டினான். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது சேலை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஹட்டன் ரோட்டோரம் ஒரு கராஜ். பின்னால் டயர் அடுக்கிய அறையில் கந்தப்பனை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. முத்துலிங்கம் ரவுடி போல இருப்பான் என்று நினைத்துப் போனவளுக்கு ஏமாற்றம். விபூதி பூசி, சட்டையை இன் பண்ணி, பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தான். கதிரை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"மிச்சத்த என்னா செஞ்சீங்க அக்கா? உண்மைய சொல்லுங்க. நான் கோவப்பட மாட்டேன்."

ராசம்மாவுக்குப் பொய் சொல்லி வரவில்லை. பெண்களுக்குக் கொடுத்தது, திருப்பிக் கேட்டது, அவர்கள் தர மறுத்தது எல்லாவற்றையும் சொன்னாள். தெரியாத தப்பு, மன்னிச்சுக்குங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவளை நடுங்கவைத்தது.

"திருப்பித் தர மாட்டேன்னுட்டாங்களா," என்று ரசித்துச் சொன்னான். "நாங்க தோட்டத்துக்குள்ள நொழையிறதுக்கு எவ்வளவு காலமா பாக்குறோம். பொம்பளைங்ககிட்ட போக வழியே இல்ல. ஒங்ககிட்ட அவுங்களே வர்றாங்க, தெனமும், ஒருத்தர் விடாம. நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலக்கா. காலையில புள்ளைய வாங்குறப்ப கையில ஒண்ண வைங்க. அவ்வளவுதான் வேல. தம்பிய இப்பவே கூட்டிக்கிட்டுப் போங்க. இனிமே இவன் மேல ஒரு தூசு விழாது."

"சரின்னு சொல்லுக்கா," என்றான் கந்தப்பன். உதடு கிழிந்திருந்ததால் வார்த்தை குழறியது. "சொல்லுக்கா. நம்ம வீட்டுக்குப் போயிருவோம்."

சரி என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டுப் போய், பிறகு கொடுக்காமல் ஏமாற்றலாமா என்றுகூட நினைத்தாள். ஏமாற்றினால் இன்னும் மோசமாகத் திரும்பி வருவார்கள். கொடுத்தால் லோஜினியின் பிள்ளையோடு நிற்குமா? தொட்டிலில் கிடப்பது அத்தனையும் பால் குடிக்கும் பிள்ளை. ஒருநாள் ஒன்று எழும்பாமலே போகும். அதைத் தூக்கித் தாயிடம் கொடுக்க வேண்டியதும் இதே கைதான்.

"முடியாதுங்க," என்றாள். "அதுங்க பச்சப் புள்ளைங்க. என்னைய வேணும்னா அடிங்க. தம்பிய விட்டுருங்க."

"ஒங்கள அடிச்சி எனக்கு என்னாக்கா பிரயோசனம்?" என்றான் முத்துலிங்கம், வருத்தப்பட்டவன் போல. எழுந்து வெளியே போனான். இருவர் உள்ளே வந்தார்கள். ஒருவன் அவளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மற்றவன் கையில் ஆட்டோவுக்கு டயர் கழற்றும் இரும்பு இருந்தது. கந்தப்பன் அக்கா அக்கா என்றுதான் கத்தினான். கடைசிவரை அவளிடம்தான் கெஞ்சினான், அடிக்கிறவனிடம் கெஞ்சவில்லை. ஒரு வார்த்தையில் அவளால் அதை நிறுத்தியிருக்க முடியும். அவள் முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தபோது முத்துலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போக வேனே பிடித்து வைத்திருந்தான்.

"மனசு மாறுனா சொல்லியனுப்புங்க அக்கா. தம்பிக்கி இன்னொரு கால் இருக்கு."

பஸ் தட்டியது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தாள். செய்தி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மாக்கண்ணு மறைத்து வைத்திருந்ததையெல்லாம் கொண்டுபோய்க் கக்கூசில் கொட்டினாளாம். வேறு சிலர், ஆயாம்மா எப்ப வருவாங்க, பெட்டியில இன்னும் இருக்குமா என்று விசாரித்தார்களாம். இரண்டையும் வந்து சொன்னவள் லோஜினி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அது போட்ட கூச்சலில் வாட்டு நேர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ராசம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியும் போனது. வெளியே ஏதாவது ஆட்டோ வந்து நின்றால் அக்காவும் தம்பியும் வாசலைப் பார்த்தார்கள்.

கந்தப்பனின் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் தெரிந்தவர் கடைக்கு அனுப்பிவைக்கிறேன், அங்கே எவனும் தேடி வரமாட்டான் என்று ராசம்மா சொன்னபோது, அத்தனை நாளும் வாய் திறக்காதவன் திறந்தான்.

"எவளோ பெத்த புள்ளைங்களுக்காக என்னைய குடுத்துட்டல்ல?"

ராசம்மா சோறு பிசைவதை நிறுத்தவில்லை.

"ஆமா," என்றாள். "ஒன்னையுந்தான் நான் பெக்கலடா."

கந்தப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவள் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் திரும்பட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.